தண்ணீர் இறங்கிய வழியே பொம்பெயி

வணக்கம் நேயர்களே. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் ரயிலேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பொம்பெயி வந்துவிடும். நிலையத்தை விட்டு இறங்கி நாலு அடி வைத்தால் நுழைவாயில். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலிலும் நுரைக்கல்லிலும் புதைந்த ரோமானிய நகரம் இது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1748-இல் தோண்டத் தொடங்கினார்கள். இன்றைக்கும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

அங்கே வழிகாட்டிகளோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறார்கள். கடல் வாசல் வழியாக உள்ளே, நகரச் சதுக்கம், ஒரு குளியல் மாளிகை, ஒரு பணக்காரர் வீடு, இறந்தவர்களின் உடல் விட்டுப்போன குழிகளில் சுண்ணக் கலவை ஊற்றி எடுத்த வார்ப்புகள். இரண்டு மணி நேரத்தில் வெளியே. இதில் எதையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குடிநீர் வேலையிலேயே காலம் கழித்த எனக்கு அந்த ஊரில் ஆசை வேறு ஒன்றின் மேல். அங்கே தண்ணீர் எங்கே நுழைந்தது, எப்படி இறங்கியது, யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? அதைப் பார்க்க வேண்டும். வழிகாட்டி அமர்த்துகிறீர்களா, சரி, முதலில் அவரிடம் சொல்லுங்கள்: "எங்களை மேலே வெசுவியஸ் வாசலுக்குக் கூட்டிப் போங்கள், அங்கிருந்து கீழே நடப்போம்."

ஏன் மேலே? பொம்பெயி சரிவில் அமைந்த ஊர். வடக்கே வெசுவியஸ் வாசல்தான் உச்சி. அங்கிருந்து தெற்கே ஸ்டேபியா வாசல் வரை ஒரே நேர்தெரு, முழுக்க இறக்கம். அந்த உச்சியில், மதிலை ஒட்டி, செங்கல் முகப்போடு சின்னதாக ஒரு கட்டடம். பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊர் முழுவதுக்கும் தண்ணீரைப் பிரித்து அனுப்பிய இடம் அதுதான்.

தண்ணீர் மலைப்பக்கத்து ஊற்றுகளிலிருந்து வந்தது. செரினோ என்ற இடத்து ஊற்றிலிருந்து அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் ஒரு கால்வாய் கட்டினார்கள். கடற்படைத் தளம் இருந்த மிசேனம் வரை ஏறத்தாழ 96 கிலோமீட்டர். வழியில் பல ஊர்களுக்குக் கிளைகள், பொம்பெயிக்கும் ஒன்று. மோட்டார் இல்லாத காலம். இத்தனை தூரமும் வாட்டத்தை வைத்தே தண்ணீரை ஓட விட்டிருக்கிறார்கள். கால்வாய் வருவதற்கு முன்னால் அந்த ஊரில் கிணறு வெட்ட 20, 30 மீட்டர் இறங்க வேண்டியிருந்தது. மற்றபடி மழைத்தண்ணீர்தான். வீட்டு நடுவில் கூரையைத் திறந்து விட்டு, கீழே ஒரு தொட்டியில் மழையைப் பிடித்து, தரைக்கடியில் சேமித்தார்கள். அந்தத் தொட்டிகளை இன்றும் வீட்டுக்கு வீடு பார்க்கலாம்.

அந்த உச்சிக் கட்டடத்துக்குள் வந்த தண்ணீர் மூன்று வழியாகப் பிரிந்தது. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு பங்கு தெருத் தொட்டிகளுக்கு, ஒரு பங்கு குளியல் மாளிகைகளுக்கு, ஒரு பங்கு தனி வீடுகளுக்கு; எது குறைந்தாலும் ஊர்ப் பொதுத் தண்ணீர் குறையக் கூடாது. பொம்பெயியின் மூன்று வழிகளும் அதே கணக்கில் ஓடினவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். பொதுத் தொட்டிக்குத்தான் முதல் உரிமை என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எழுதி வைத்தாரே, அதைப் படித்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, இறங்குவோம். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், மேல்தளத்தில் நூலாக வரும் தண்ணீர் தரைத்தளத்தில் சீறிக்கொண்டு வரும். உச்சியிலிருந்து கீழ்த்தெரு வரை ஒரே குழாயாகப் போட்டிருந்தால் பொம்பெயியிலும் அதுதான் நடந்திருக்கும். இணைப்புகள் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அதனால் தெருமுனைகளில் ஆறு மீட்டர் உயரத் தூண்களைக் கட்டி, தலையில் ஈயத் தொட்டி வைத்தார்கள். தண்ணீர் தூணில் ஏறி, தொட்டியில் தங்கி, வேகம் அடங்கி, மறுபடி இறங்கும். ஒரு டசனுக்கு மேல் இப்படிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தூணின் பக்கவாட்டில் குழாய் ஏறிய பள்ளம் தெரியும். சில தூண்களில் தண்ணீர் வழிந்து வழிந்து சுண்ணாம்பு படிந்திருப்பதும் தெரியும், விரலால் காட்டச் சொல்லுங்கள்.

ஈயக் குழாயில் தண்ணீர் குடித்தால் நஞ்சில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சுண்ணாம்பு குழாய்க்கு உள்ளேயும் படிந்து ஈயத்தை ஓரளவு மூடியது. தண்ணீரும் தேங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. தீங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாம் பயப்படுகிற அளவுக்கு இருந்திருக்காது.

இப்போது தெருத் தொட்டிகள். நான் இன்றைக்குப் பேச வந்ததே இதற்காகத்தான். நாற்பதுக்கு மேற்பட்ட தொட்டிகள், பெரும்பாலும் தெரு சந்திக்கிற முனைகளில். எந்த வீட்டிலிருந்தும் அதிக தூரம் குடம் தூக்க வேண்டியதில்லை. நான்கு எரிமலைக் கற்பலகைகளை நிறுத்தி, மூலைகளில் இரும்புப் பட்டை அடித்து இறுக்கி, மேலே ஒரு கல்லில் முகம் செதுக்கியிருப்பார்கள். சிங்கம், காளை, தெய்வம் என்று தொட்டிக்கு ஒன்று. அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும்.

எங்களைக் கூட்டிப் போன வழிகாட்டி அந்தப் பக்கத்து அம்மா, வயதானவர். ஒரு தொட்டி முன்னால் நிறுத்தி, ஒன்றும் விளக்காமல், "யாராவது குடித்துக் காட்டுங்கள்" என்றார். எங்கள் குழுவில் வந்திருந்த என் மனைவியின் அக்கா முன்னால் போனார். சின்ன வயதில் தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவர். இடது கையை விளிம்பில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, வலது கையைக் குவித்துக் கல் வாய்க்குக் கீழே நீட்டினார். "அப்படியே இருங்கள்" என்றார் வழிகாட்டி. அப்புறம் எங்களை எட்டிப் பார்க்கச் சொன்னார். அக்கா கை ஊன்றிய இடத்தில் கல் குழிந்திருந்தது! அவ்வளவு கெட்டியான எரிமலைக் கல், உள்ளங்கை உட்காருகிற மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "இன்னொரு தடவை பார்க்கட்டுமா" என்று அக்கா கையை எடுத்து மறுபடி வைத்தார். அதே இடம். பிறகு குழுவில் ஒவ்வொருவராகப் போய் வைத்தோம். யாரும் அவசரப்படவில்லை, வழிகாட்டியும் அவசரப்படுத்தவில்லை. செதுக்கிய முகத்தின் கன்னத்தையும் காட்டினார். வாய் வைத்துக் குடித்தவர்கள் உரசி உரசி ஒரு பக்கம் மழுங்கியிருந்தது.

கால்வாய்த் தண்ணீர் வந்து எரிமலை வெடிக்கும் வரை நூறு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கல்லைக் குழிய வைத்தவர்கள் யார்? வீட்டுக்குள் குழாய் வைத்திருந்தவர்கள் இங்கே வந்திருக்க மாட்டார்கள். அடிமைகள், கடைப் பையன்கள், குடம் சுமந்த பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை. வெட்டி (Vettii) என்ற பணக்காரக் குடும்பத்தின் வீட்டுத் தோட்டத்தில் நீரூற்றுச் சிலைகள் பிரமாதமாக இருக்கின்றன, 2023-இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள், பாருங்கள். ஆனால் அந்த வீட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது ஒரு தெருத் தொட்டிக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சில தொட்டிகளில் இன்றைக்கும் குழாய் பொருத்திக் குடிநீர் விடுகிறார்கள். கையில் காலி பாட்டில் இருக்கட்டும்.

தொட்டி நிரம்பினால்? விளிம்பில் வெட்டிய வாய் வழியாகத் தெருவில் வழியும். நிலத்தடிச் சாக்கடை சில இடங்களில்தான் உண்டு. மற்ற தெருக்களில் தெருவே வாய்க்கால். அதனால்தான் நடைபாதை உயரமாக இருக்கிறது, குறுக்கே தாண்டிப் போக உயரமான கற்கள் இருக்கின்றன. கற்களுக்கு இடையில் வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். சக்கரத் தடம் கல்லில் பதிந்திருப்பதையும் பாருங்கள்.

நிகழ்ச்சியாளர் மணியைக் காட்டுகிறார். இந்தியாவோடு உள்ள தொடர்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1938-இல் பொம்பெயியில் ஒரு வீட்டில் இந்தியத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. நகைகள் பூட்டிய பெண் உருவம், ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கூட. முதலில் இலட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்று சொல்லும் அறிஞர்கள் பலர். தக்காணப் பக்கத்து வேலையாக இருக்கலாம் என்கிறார்கள். அதைப் பொம்பெயியில் தேடாதீர்கள், நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை, பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். வணக்கம்.