கொட்டிலின் தூண்கள் இறங்கினால் கொங்கிறீட் ஊற்றலாமா?

கொழும்பில் கடலோரமாக உள்ள வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய தகப்பனார் பின்வளவில் கட்டிய மரக்கொட்டிலின் நான்கு தூண்களில் இரண்டு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் இறங்கி, கூரையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதாம். தூணின் அடியைச் சுற்றிக் கொங்கிறீட் ஊற்றினால் போதுமா என்பது அவருடைய கேள்வி.

அம்மா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். கொங்கிறீட் அதனுடன் சேர்ந்து அசையாது. ஆகவே இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழுந்து, அதற்குள் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றித் தூணின் அடியிலேயே தங்கிவிடும். வெளியே பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும். உள்ளே உக்கல் முன்பைவிட விரைவாக ஏறும்.

முதலில் இறங்கியது மரமா, மண்ணா என்று பாருங்கள். அடியைச் சுற்றி அரை அடி தோண்டி, ஒரு ஸ்குறூ டிறைவரால் நிலமட்டத்தில் குத்திப் பாருங்கள். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அதுதான் என்பதால், உக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். முனை எளிதாக உள்ளே போனாலோ, கறையான் மண்கோடு தெரிந்தாலோ, மரம் போய்விட்டது. மரம் கல்லுப் போல் இருந்தால், பீலித் தண்ணீர் அந்த மூலையில் விழுந்து மண்ணை அரித்திருக்கக்கூடும். அப்போது தூணை வெட்டத் தேவையில்லை, அடித்தளத்தையும் பீலியையும் திருத்தினால் போதும்.

தூக்கும் வேலையில்தான் பொறுமை வேண்டும். தூணுக்கு அருகில், அகலமான தடித்த பலகையின் மேல் வாகன ஜக்கை வைத்து, ஒரு முட்டுமரத்தின் வழியாக கூரையைத் தாங்கி மேலே கிடக்கும் வளைமரத்தைத் தாங்குங்கள். நாளொன்றுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். பல ஆண்டுகள் வளைந்தே கிடந்த மரத்தை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் மூட்டுகள் பிளக்கும். கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அது வெடிக்கும், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆகவே சீற்றின் ஆணிகளை முன்கூட்டியே சற்றுத் தளர்த்திவிடுங்கள். ஜக்கை நம்பி ஒருபோதும் கீழே நிற்காதீர்கள்; உயர்த்திய ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வேறு முட்டுக் கொடுத்து, குறுக்குச் சட்டமும் அடியுங்கள்.

உக்கிய பகுதியை, நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் அரை அடி மேலே வெட்டுங்கள். தூண் குட்டையாகிவிடுமே என்று பலர் உடனே ஒட்டுமரம் தேடுகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வெட்டிய உயரத்துக்கே கொங்கிறீட் பீடம் எழுப்பிவிட்டால், ஒட்டும் வேண்டாம், மரமும் இனி மண்ணைத் தொடாது. குளிர்நாடுகளில் போல மண் உறைந்து பீடத்தைத் தூக்கிவிடும் என்ற பயம் கொழும்பில் இல்லை, அதனால் மிக ஆழமாகத் தோண்டத் தேவையில்லை. பீடத்தின் அடித்தளம் உறுதியான மண்ணைத் தொட்டால் போதும்.

பீடத்தில் இரும்புத் தாங்கியைப் பதித்து, மரத்தின் அடி ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்படி போல்ட் போடுங்கள். காற்று கூரையைத் தூக்காமல் பிடிப்பதும் அந்தப் போல்ட்தான். கடற்காற்று வீசும் இடமாதலால், தடிப்பான நாகப்பூச்சு அல்லது துருப்பிடிக்காத உருக்கையே வாங்குங்கள். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்குமுன் இதை முடித்துவிடுவது நல்லது. கொங்கிறீட்டை நாள்தோறும் நனைத்து, ஏழு நாட்களாவது கழியும்வரை முட்டுகளை எடுக்காதீர்கள்.