நெல்லுக்கு நாள் எண்ணுவது எப்படி: அறுவடையிலிருந்து பின்னோக்கி

[காட்சி: தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சம்பா வயல். வேரோடு பிடுங்கிய ஒரு குத்து நெல் கையில்.]

வணக்கம். இந்தக் குத்துக்கு என்ன வயது என்று கேட்டால் விதைத்த தேதியிலிருந்து எண்ணித்தான் எல்லோரும் பதில் சொல்வோம். இந்த வீடியோவில் நான் தலைகீழாக எண்ணச் சொல்லப் போகிறேன், அறுவடையிலிருந்து பின்னால். காரணம் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் நெல் பூத்த பிறகு மணி முற்ற ஏறத்தாழ 30 நாள் ஆகும். அதற்கு முன்னால், தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை ஏறத்தாழ 35 நாள். இந்த 65 நாள் குறுவையோ சம்பாவோ பெரிதாக மாறாது. 110 நாளில் அறுவடைக்கு வரும் ஆடுதுறை 36 ரகத்துக்கும், 155 நாளைத் தொடும் சி.ஆர். 1009 ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அதற்கு முந்தைய கட்டத்தில்தான், வேரும் இலையும் தூருமாக (அடிக் கணுக்களிலிருந்து கிளம்பும் பக்கத் தண்டுகள்) வளர்கிற காலத்தில். ஒன்றுக்கு 45 நாள், இன்னொன்றுக்கு 90 நாள்.

சரி, விதையிலிருந்து பார்த்துவிடுவோம்.

[காட்சி: உரித்த ஒரு நெல்மணி, பெரிதாக.]

வெளியே உமி, இரண்டு தகடு ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருக்கும். உள்ளே தவிட்டுப் படலம், அதற்குள் வெள்ளை மாவுப் பகுதி, ஓர் ஓரத்தில் சின்னதாக முளைக்கரு. ஒரு நாள் ஊறவைத்து ஒரு நாள் இருட்டில் சாக்கு போட்டு மூடி வைத்தால் முளை கட்டிவிடும். காற்றோட்டம் இருந்தால் முதலில் வேர் எட்டிப் பார்க்கும், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் குருத்து முந்திக்கொண்டு மேலே காற்றைத் தேடும். மூன்றாவது இலை விரியும் வரை நாற்று பெரும்பாலும் அந்த மாவைத் தின்றுதான் வளர்கிறது, அதனால்தான் பொக்கு விதையை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு நீக்குகிறோம்.

நாற்றங்காலில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். இலையும் அதன் உறையும் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அங்கே வெள்ளையாக, மெல்லிய சவ்வு போல ஒரு நாக்கு நிற்கும், இரண்டு பக்கமும் முடியோடு சின்னக் காதுகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். குதிரைவாலிப் புல்லில் நாக்கும் கிடையாது, காதும் கிடையாது, வழவழவென்று இருக்கும். தூரத்தில் பார்த்தால் அச்சு அசல் நெல்தான், நடவோடு சேர்ந்து வயலுக்கே வந்துவிடும்.

[காட்சி: கழுவிய வேர், வெள்ளைத் துணி மேல்.]

இப்போது வேரைப் பாருங்கள், துருப்பிடித்த கம்பி போன்ற நிறம். இது நோய் இல்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது, மற்ற பயிராக இருந்தால் அழுகிப் போயிருக்கும். நெல்லுக்கு இலையிலிருந்து தண்டு வழியாக வேர் வரைக்கும் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. அந்தக் காற்றில் கொஞ்சம் வேரை விட்டு வெளியே கசிந்து, சேற்றிலிருக்கும் இரும்போடு சேர்ந்து துருவாகி வேர் மேல் படிகிறது. வேர் கறுத்து, முட்டை அழுகிய வாடை வந்தால்தான் பயப்பட வேண்டும், அப்போது தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிட வேண்டும்.

நட்ட பிறகு ஒரு வாரம் போல நாற்று வாடி நின்று பிறகு பச்சை கட்டும். அடுத்து தூர். முதன்மைத் தண்டில் ஐந்தாவது இலை வரும்போது இரண்டாவது இலையின் கக்கத்திலிருந்து முதல் தூர் கிளம்பும், ஆறாவது இலையோடு மூன்றாவதிலிருந்து, இப்படி மூன்று இலை பின்தங்கியே வரும். நாற்றை ஆழமாக அழுத்தி நட்டுவிட்டால் அடிக் கணுக்கள் சேற்றில் புதைந்து இந்தக் கணக்கே தாமதமாகிவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். வந்த தூர் எல்லாம் கதிர் விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடைசியாக வந்தவை நிழலில் நின்று செத்துப் போகும்.

இந்தக் காலம் முழுக்க நாம் தண்டு என்று பிடித்துப் பார்ப்பது உண்மையில் தண்டே இல்லை! ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிய இலையுறைகள்தான். நிஜத் தண்டு அடியில் சில சென்டிமீட்டருக்குள் கணு கணுவாக அமுங்கிக் கிடக்கிறது.

[காட்சி: பிளேடால் நீளவாக்கில் பிளந்த தண்டு.]

இந்த வீடியோவுக்கே இதுதான் முக்கியமான இடம். நல்ல தடித்த ஒரு தூரை எடுத்து அடியிலிருந்து நேராகப் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் வெள்ளையாக, பஞ்சு நுனி போல ஏதாவது தெரிகிறதா? அதுதான் கதிர். வெளியே இருந்து பார்த்தால் வயலில் எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் ஒரு கதிரில் எத்தனை மணி என்பது இந்த நாட்களில்தான் முடிவாகிறது. மேலுரம் போய்ச் சேர வேண்டிய நேரம் இது. பக்கத்து வயல்காரர் யூரியா போட்டார் என்று அதே நாளில் நாமும் போட்டால், அவர் ரகம் 110 நாள், நம்முடையது 155 நாள் என்றால், நம் பயிர் அதை இலையாகவும் உதவாத தூராகவும் மாற்றிவிடும், பூச்சியும் கூடவே வரும். ஆடுதுறை 36 என்றால் விதைத்த 45-ஆம் நாளை ஒட்டி, சி.ஆர். 1009 என்றால் 90-ஐ ஒட்டிப் பிளந்து பார்க்கத் தொடங்குங்கள். நாள் கணக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லும், கதிர் வந்துவிட்டதா என்று பிளேடுதான் சொல்லும்.

அப்புறம் தண்டு நிஜமாகவே நீள ஆரம்பிக்கும். கடைசியாகக் கண்ணாடி இலை வரும், அகலமாக, குட்டையாக, நிமிர்ந்து. அதன் உறை வீங்கினால் தொண்டைக்கதிர். இந்த நேரத்தில் தண்ணீர் குறையவே கூடாது.

கதிர் வெளிவந்ததும் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கும், ஒரு கதிர் பூத்து முடிய ஒரு வாரம் போல ஆகும். காலை பத்து, பதினொரு மணி வாக்கில் வயலில் நின்று பாருங்கள். உமியின் இரண்டு தகடும் மெல்லத் திறக்கும், ஆறு மகரந்தப் பைகள் வெளியே வரும், ஒரு மணி நேரம் போலத் திறந்திருந்து மூடிக்கொள்ளும். நாம் பூ என்று சொல்லும் அந்தத் தொங்கல்கள் வேலை முடிந்த பைகள், திறக்கும்போதே மகரந்தம் உள்ளே கொட்டியாகிவிட்டது. மகரந்தம் கொட்டுகிற நேரம் என்பதால் காலையில் மருந்து தெளிக்காதீர்கள், மாலைக்குத் தள்ளிப்போடுங்கள். பூ திறக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும் மகரந்தம் கெட்டு மணி பதராகும்.

பிறகு பால் பிடிக்கும். மணியை நசுக்கினால் வெள்ளைப் பால், சில நாளில் மாவு, அப்புறம் பல்லில் கடிக்கிற பதம். கண்ணாடி இலையும் அதற்குக் கீழே இருக்கும் இரண்டு இலையும்தான் பெரும்பாலும் இந்த மணிக்குச் சோறு போடுகின்றன, அவற்றைக் கடைசி வரை பச்சையாகக் காப்பாற்றுங்கள். உமிக்கூடு பூக்கும் முன்பே அளவாகிவிட்டது, அரிசி அதற்கு மேல் பெருக்காது. நிரம்புமா, கருக்காயாகப் போகுமா என்பதுதான் மிச்சம்.

[காட்சி: தலை சாய்ந்த கதிர்கள். கீழே ஈரச் சேறு.]

கதிரில் நூற்றுக்கு எண்பது மணி பழுத்ததும் அறுக்கலாம். அதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவோம். அந்த ஈரத்தில்தான் டெல்டாவில் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிக்கிறார்கள். அரிவாளோ மெஷினோ இறங்கும்போது கீழே குனிந்து பாருங்கள், தாளுக்கு நடுவில் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும்.