மனு ரசீதும் மாவுக்கட்டும்

(பெருந்துறை வட்டாரத்தில் விவசாயிகளும் வணிகர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

போலீஸ் நல்லா வேலை செய்யுதா, மக்கள் என்ன நினைக்கறாங்க என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மக்கள் நினைப்பது நாளுக்கு நாள் மாறுகிறது. கொலை நடந்த வாரத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டால், "அருமைங்க, ஸ்காட்லாந்து யார்டே தோத்துதுங்க" என்கிறோம். பிடிக்கத் தாமதமானால், "சம்பளம் வாங்கறதுக்கு மட்டும்தானுங்க இருக்கறாங்க" என்கிறோம். ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிய அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

நான் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். காவல் நிலையப் படியைத் தினமும் மிதிக்கிறவன். என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. கட்சிக்காரர், வக்கீல், சங்கத் தலைவர் என்று யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல், ஒரு சாதாரண ஆள் தனியாகப் போய்ப் புகார் கொடுத்தால் அது பதிவாகிறதா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே வருகிறேன். போர் மோட்டார் கேபிள் திருட்டு. இந்த மண்டபத்தில் கேபிள் பறிகொடுக்காத தோட்டக்காரர் எத்தனை பேர் இருப்பீர்கள்? ராத்திரியில் வந்து வெட்டி உருவி, ஓடைப் பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தி, செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் கருகிய தோலும் சாம்பலும் கிடக்கும். மஞ்சளோ கரும்போ தண்ணீருக்குக் காத்திருக்கும்.

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். கணவர் தவறிவிட்டார், மகன் வெளியூரில் வேலை. கேபிள் போன அன்றைக்குத் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். "எத்தனை அடிங்கம்மா?" என்று கேட்டார்கள். சொல்லியிருக்கிறார். "பில் இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். அவர் வீட்டுக்காரர் எப்போதோ வாங்கிப் போட்ட கேபிளுக்குப் பில்லுக்கு எங்கே போவார்? "பில் இல்லாம எப்படிங்கம்மா எஃப்.ஐ.ஆர். போடறது? எழுதிக் குடுத்துட்டுப் போங்க, யார் மேலயாச்சும் சந்தேகம் இருந்தா வந்து சொல்லுங்க." வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மனு ரசீது, நீங்கள் சி.எஸ்.ஆர். என்று சொல்வீர்களே, அதுகூடக் கையில் இல்லை. சில நாள் கழித்து, ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்குப் போனார். நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. ரசீதும் வந்தது. எழுதிக் கொடுத்ததில் ஒரு வரி மாறவில்லை.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013ல் சொல்லிவிட்டார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 173வது பிரிவைப் பாருங்கள். எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். மின்னணு வழியில் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். சில வகைக் குற்றங்களுக்கு முதலில் விசாரித்துப் பார்க்கிறோம் என்று சொல்லலாம். அதற்கும் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும், 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழான திருட்டு இப்போது பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தில் வராது, அதற்கு வழி வேறு. ஆனால் பில் காட்டினால்தான் புகார் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

சரி, ஏன் பதிவு செய்ய மறுக்கிறார்கள்? சோம்பல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். மாதாமாதம் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கும். அங்கே இன்ஸ்பெக்டரிடம் கேட்கிற கேள்வி, "உங்க லிமிட்டில் ஏன் இத்தனை கேஸ்? இதில் கண்டுபிடித்தது எத்தனை?" பதிவு செய்த ஒவ்வொரு கேபிள் திருட்டும் அவர் தலையில் ஏறுகிற கடன். பதிவு செய்யாதது கணக்கிலேயே வராது. அந்தக் கேள்வியை மேலதிகாரி கேட்பதற்குக் காரணம், சட்டசபையிலும் பத்திரிகையிலும் அதே கேள்வியை நாம் கேட்பதுதான். "திருட்டு வழக்குகள் அதிகரிப்பு" என்று தலைப்பு வந்தால் ஆட்சியே சரியில்லை என்கிறோம். எண்ணிக்கை குறைந்தால் கைதட்டுகிறோம். கேரளாவில் குற்ற விகிதம் அதிகம் என்று வருஷா வருஷம் படிக்கிறோமே, அங்கே புகாரைப் பதிவு செய்கிற பழக்கம் அதிகம் என்பது அதில் பெரும்பங்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளைத்தான். நோட்டை மூடி வைக்கிற ஸ்டேஷனுக்கு நாமே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதன் விலை என்ன தெரியுமா? தோட்டத்து வீடு. நம் ஊர் அமைப்பே அப்படி. வடக்கே, தெற்கே போல வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்காது. காட்டுக்குள்ளே ஒரு வீடு, அதில் வயதான இரண்டு பேர், காவலுக்கு ஒரு நாய். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி. மே மாதம் ஆட்களைப் பிடித்தபோது, பல்லடம் கொலையும் இவர்கள் செய்ததே என்று போலீஸ் சொன்னது. வழக்குக்குள் நான் போகவில்லை, அது கோர்ட் பார்க்க வேண்டியது. அதன் பிறகு ரோந்து வந்தது, கேமரா வைக்கச் சொன்னார்கள், பீட் போலீஸ் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல காரியம். ஆனால் ரோந்து வண்டி எந்தப் பாதையில், எந்த நேரத்தில் போக வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்வார்கள்? ஆடு போனது, கேபிள் போனது, ராத்திரியில் நாய்க்கு விஷம் வைத்தது, இதெல்லாம் நோட்டில் ஏறியிருந்தால்தானே வரைபடத்தில் தெரியும்? பதிவாகாத புகார்கள் இருக்கும் இடமெல்லாம் அந்த வரைபடத்தில் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். மாவுக்கட்டு. "தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்று செய்தி வரும். கையில் கட்டோடு ஒருவன் நிற்கும் படத்தை வாட்ஸ்அப்பில் சிரித்துக்கொண்டே அனுப்புகிறோம். வழுக்கி விழவில்லை என்று நமக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும், மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பொய்யை அரசாங்கத் தாளில் எழுதச் சொல்லிக் கைதட்டினால், நாளைக்கு நம் புகாரில் மட்டும் அந்தப் பேனா உண்மை எழுதும் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடியில் உயிரை விட்ட அப்பாவும் மகனும் ரவுடிகள் அல்ல. செல்போன் கடை வைத்திருந்தவர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற வியாபாரிகளைப் போன்றவர்கள். அந்த வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், லாக்கப், வராந்தா, வரவேற்பு எதையும் விடக்கூடாது, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கேமரா ஓடுகிறதா என்று கேட்கிற பொதுமக்களை விட, கை உடைந்ததா என்று கேட்கிறவர்கள் அதிகம். எனக்கு இது மிகுந்த வேதனை தருகிறது.

பொதுமக்கள் கருத்து என்கிறோம். எந்தப் பொதுமக்கள்? இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தோட்டக்காரர்கள், மில் வைத்திருப்பவர்கள். நமக்குப் போலீஸ் என்றால் எரிச்சல் வரும், பயம் வராது. நம் தோட்டத்தில் வேலை செய்கிற அருந்ததியர் வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போனால், அவர் வீடு திரும்புவதற்குள் எதிர்தரப்பிலிருந்து ஒரு புகார் வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு "ரெண்டு பேரும் சமாதானமாப் போயிருங்க" என்று பேச்சு. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பலமுறை. ஸ்டேஷனில் நமக்குச் செல்வாக்கு இருக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்தச் செல்வாக்கின் மறுபக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

சத்தியமங்கலம் மலைக்குப் போனால் கதையே வேறு. வீரப்பனைத் தேடிய வருஷங்களில் அதிரடிப்படையிடம் அகப்பட்டு வதைபட்டவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நீதிபதி சதாசிவா குழு விசாரித்த பிறகு, 2007ல் 89 பேருக்கு நிவாரணம் கொடுக்கச் சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் மாதம் பழங்குடி மக்கள் மேல் நடந்த வன்கொடுமைக்கு 2011ல்தான் தீர்ப்பு வந்தது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் தீர்ப்பு வருவதற்குள் இறந்தே போனார்கள், மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023ல். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த மக்களிடம் போய், காக்கிச் சட்டைக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நம்பிக்கை எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்பதற்குப் பொள்ளாச்சி பாலியல் வழக்கை விட வேறு எது வேண்டும்? 2019ல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டப் போலீஸ் அதிகாரியே வெளியில் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். பாதிக்கப்பட்ட மற்ற பெண்கள் அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? பிறகு சி.பி.ஐ. விசாரித்தது, சாட்சிகளின் அடையாளம் காக்கப்பட்டது. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. கிரிமினல் கோர்ட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. பெயர் வெளியே போகாது என்ற உறுதி கிடைத்ததும் நம் பெண்கள் நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள்.

போலீஸ் நன்றாகச் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரில் ரயில் நிலையமே பனியன் கம்பெனி ஆட்களால் நிரம்பியது. அப்போது திருப்பூர், கோவை போலீஸார் ஹெல்ப்லைன் திறந்தார்கள், கம்பெனி கம்பெனியாகப் போய் இந்தியில் பேசினார்கள், பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழுவை அழைத்துப் போய் நேரில் காட்டினார்கள். லத்தியைத் தொடாமல் செய்த வேலை. அதற்கு நாம் போதுமான அளவு பாராட்டவே இல்லை.

2025 ஆகஸ்டில் குடிமங்கலம் அருகே ஒரு தோட்டத்தில் அப்பன் மகன் தகராறை விலக்கிவிடப் போன சிறப்பு எஸ்.ஐ.யை வெட்டிக் கொன்றார்கள். ராத்திரி நேரம், தோட்டத்துப் பாதை, குடிபோதைத் தகராறு. அந்த மனிதர் என்ன பலத்தோடு போனார் என்று யோசித்துப் பாருங்கள். ஓரிரு நாளில் சந்தேக நபர் ஒருவர் என்கவுன்டரில் சுடப்பட்டதும் ஊரே பாராட்டியது. ராத்திரி அழைப்புக்குக் குறைந்தது இத்தனை பேர் போக வேண்டும் என்று கேட்டு எத்தனை பேர் மனுக் கொடுத்தோம்? பந்தோபஸ்துக்கு என்று ஆளை வெளிமாவட்டத்துக்கு அனுப்பிவிட்டு, ஸ்டேஷனில் இருக்கிற இரண்டு மூன்று பேரை வைத்து ராத்திரியை ஓட்டுகிறார்கள். வார விடுமுறை உண்டு என்று 2021ல் அரசாணை வந்தது. அந்த லீவு முழுசாகக் கிடைக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்த ஏட்டையாவிடம் கேளுங்கள்.

போலீஸ் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்று. நம் மாநிலம் 2013ல் கொண்டுவந்த சட்டத்தில் அந்த ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், மாவட்டத்தில் கலெக்டர். போலீஸை நடத்துகிற துறையே போலீஸ் மேல் வந்த புகாரை விசாரிக்கும். இதை மாற்றச் சொல்லி இந்தக் கூட்டம் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. வாசலில் மேசை மேல் தகவல் உரிமைச் சட்ட மனு வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அதில் மூன்றே கேள்வி. உங்கள் ஸ்டேஷனில் போன வருஷம் எத்தனை மனு ரசீது கொடுத்தார்கள், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, எத்தனை எந்தக் காரணத்துக்காக முடித்துவைக்கப்பட்டது. கேஸ் எண்ணிக்கை ஏன் கூடியது என்று அதில் நான் கேட்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். ஈரோடு, திருப்பூர் இரண்டு மாவட்டத்திலும் ஸ்டேஷனுக்கு ஒருவராவது போட வேண்டும். பெயர் கொடுக்கத் தயங்குகிறவர்கள் ஸ்டேஷன் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள், என் பெயரில் போட்டுவிடுகிறேன். பதில் வந்ததும் இதே மண்டபத்தில் உட்கார்ந்து எல்லோருமாகப் படிப்போமுங்க.