நான் மாடியில்தானே சிகரெட் பிடித்தேன்?

பின்னால் கர்ரென்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா, அது மிக்ஸி இல்லை, மருந்தைப் பனிபோல ஆக்கி மூச்சில் கொடுக்கிற நெபுலைசர். பாப்பாவுக்கு நேற்றிலிருந்து வீசிங். அம்மா மடியில் மாஸ்க்கோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிறாள். எனக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

போன வீடியோவில், கர்ப்பகாலத்துப் புகை பிள்ளையைப் பாதிக்கும் என்று ஒரே ஒரு வரி சொன்னேன். “நம்ம ஊர்ல எந்தப் பொண்ணு அண்ணா சிகரெட் பிடிக்குது?” என்று கமெண்டில் ஒரு தம்பி. “எங்க ஆத்தா புகையிலை போட்டுக்கிட்டே ஆறு பிள்ளை பெத்தாங்க” என்று இன்னொருவர். சரி, இரண்டுக்கும் வருகிறேன்.

எங்கள் வீட்டில் பிடித்தவன் நான். மனைவி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோதும் ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். முடித்து ஒரு ஹால்ஸைப் போட்டுக்கொண்டு இறங்குவேன். ஏதோ தியாகம் செய்கிற நினைப்பு வேறு. “சட்டையைக் கழற்றிப் போட்டுட்டு வா” என்பாள், அந்த வாடைக்கே குமட்டும் அவளுக்கு.

பாப்பாவின் வீசிங் அதனால்தானா? டாக்டரிடமே கேட்டேன். ஒரு குழந்தையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். மாமனாருக்கும் ஆஸ்துமா உண்டு. ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகள். பிரசவத்தையொட்டி குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்று பார்க்கத்தான் கணக்கெடுத்தார்கள். அம்மா எத்தனை சிகரெட் பிடித்தார் என்றும் கேட்டு வைத்திருந்தார்கள். அப்புறம் 7 வயதிலும் 11 வயதிலும் அதே பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். தினம் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தவர்களின் பிள்ளைகள் சராசரியாக 1 சென்டிமீட்டர் குட்டை. வாசிப்பிலும் கணக்கிலும் 3 முதல் 5 மாதம் பின்னால். இது 1973-இல் வெளிவந்தது.

படிப்பு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. புகை இருக்கிற வீட்டில் வறுமையும் கவலையும் சேர்ந்தே இருக்கலாம். ஸ்வீடனில் ஒரே தாயின் பிள்ளைகளையே ஒப்பிட்டார்கள், ஒரு கர்ப்பத்தில் பிடித்தவர், இன்னொன்றில் பிடிக்காதவர். கவனம் நிற்காமல் அதிகத் துறுதுறுப்போடு இருக்கிற ஏ.டி.எச்.டி. என்ற பிரச்சினையோடு இருந்த தொடர்பு கிட்டத்தட்ட கரைந்துபோனது. ஆகவே ‘பிள்ளை மக்காகப் பிறக்கும்’ என்று வருகிற ஃபார்வர்டுகளை நம்பவேண்டாம்.

நுரையீரல் கதை வேறு. நிக்கோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும், குழந்தையின் ரத்தத்தில் அம்மாவைவிட அதிகமாகக்கூட இருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே மூச்சுக்குழாய் வளர்கிற நேரம் அது. பிறந்த சில நாளிலேயே, வீட்டுப் புகை எதுவும் படுவதற்கு முன்பே, அளந்து பார்த்ததில் மூச்சுவிடும் திறன் குறைவாக இருந்தது. எடையாவது பிறகு ஏறிவிடும். குழாய் அவ்வளவு சுலபமாக ஈடுகட்டாது, பிள்ளை வளர்ந்த பிறகும் வீசிங்காகத் தொடரலாம்.

அம்மா பிடித்தால் பிறப்பு எடையில் சராசரி 200 கிராம் போகிறது. பக்கத்தில் இருப்பவர் பிடித்தால் 30, 40 கிராம். குறைவுதான், பூஜ்யம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2006-இல் பொது இடங்களில் புகையைத் தடை செய்த பிறகு குறைப்பிரசவமே குறைந்தது. தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆத்தா விஷயம்: மும்பையில் 1,200-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்த ஆய்வு 2004-இல் வந்தது. புகையே இல்லாத புகையிலை, வறுத்துப் பொடித்து ஈறில் தேய்க்கிற மிஷ்ரி மாதிரி. அதற்கே சராசரி 105 கிராம் எடை குறைந்திருந்தது. ஆத்தாவின் ஆறு பேரும் பிழைத்தார்கள், சந்தோஷம். எத்தனை கிராமில் பிறந்தார்கள் என்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

பிடிக்கிற அம்மா முதல் மூன்று மாதத்துக்குள் விட்டால் குழந்தையின் எடை கிட்டத்தட்ட பிடிக்காதவர்களின் குழந்தை அளவுக்கு வந்துவிடும். நான் விட்டது, பாப்பாவை ஒன்றரை வயதில் நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடின அன்றைக்கு. சிகரெட் பாக்கெட்டிலேயே, பழக்கத்தை நிறுத்த உதவுகிற 1800-11-2356 என்ற எண் போட்டிருக்கும். நூறு தடவை பார்த்திருப்பேன், அன்றுதான் டயல் செய்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. மருந்து தீர்ந்திருக்கும். புடெகார்ட் என்கிற ஸ்டீராய்டு மருந்து வைத்தால் உடனே வாய் கொப்பளிக்க வைக்கவேண்டும், அவள் என்னிடம் மட்டும்தான் ஒழுங்காகக் கொப்பளிப்பாள். போய்விட்டு வருகிறேன்.