வேதாளம் கதையை எந்த இடத்தில் நிறுத்தணும்?

வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "சின்ன வயசுல அம்புலிமாமா பத்திரிகையில விக்கிரமாதித்தன், வேதாளம்னா எங்களுக்கு உயிர். இப்ப என் எட்டு வயசுப் பையனுக்குச் சொன்னா பாதியில எழுந்து போயிடறான். காலம் மாறிடுச்சா?"

காலம் காரணம் இல்லைங்க. சொல்றப்ப ஒரு இடத்துல தவறுது, அவ்வளவுதான்.

அந்தக் கதையோட பூட்டைக் கவனிங்க. ராஜா வாயைத் திறக்காம பிணத்தைச் சுமந்துட்டுப் போகணும். பிணத்துக்குள்ள இருக்கிற வேதாளம் வழியில ஒரு கதை சொல்லி, கடைசியில ஒரு கேள்வி கேட்கும். பேசினா வேதாளம் திரும்ப மரத்துக்குப் போயிடும். பதில் தெரிஞ்சும் பேசலைன்னா தலை வெடிச்சிடும். முட்டாளா இருந்திருந்தா முதல் நடையிலேயே வேலை முடிஞ்சிருக்கும். புத்திசாலியா இருக்கிறதாலதான் மாட்டிக்கிறார். "எதிர்த்துப் பேசாதே", "கேட்டதுக்குப் பதில் சொல்லு"ன்னு ரெண்டையும் ஒரே நாள்ல கேட்கிற குழந்தைக்கு இந்தச் சங்கடம் நல்லாவே புரியும்.

நாம என்ன பண்றோம்? கேள்வியைச் சொல்லிட்டு அதே மூச்சுல ராஜாவோட பதிலையும் சொல்லிடறோம். அப்புறம் பையனுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு கதையை எடுத்துக்குவோம். மந்தாரவதின்னு ஒரு பொண்ணு. மூணு பேர் கல்யாணத்துக்குக் கேட்கிறாங்க. அவ காய்ச்சல்ல இறந்துடறா. ஒருத்தன் சுடுகாட்டுலயே குடிசை போட்டு, அவ சாம்பல் மேல படுத்துக் கிடக்கான். ஒருத்தன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போறான். மூணாமவன் ஊர் ஊராச் சுத்தி, செத்தவங்களை எழுப்புற மந்திரத்தோட வர்றான். அவ எழுந்துடறா. யாருக்கு மனைவி?

இங்கே நிறுத்துங்க. அரை நிமிஷம் வாயே திறக்காதீங்க. கேள்வியைத் திருப்பிக் கேட்காதீங்க, கண்ணாலயும் ஜாடை காட்டாதீங்க. "உயிர் கொடுத்தவன்தான்"னு அவன் சொல்ல வாய்ப்பு அதிகம். "அப்ப சாம்பல்ல கிடந்தவன்?"னு மத்தவங்க கட்சியில நின்னு வாதாடுங்க. அவன் நல்லா சண்டை போட்டு முடிச்ச பிறகு ராஜா பேசட்டும்: உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பைக் கரைச்சவன் மகன், கூடவே கிடந்தவன்தான் கணவன். பையன் ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. "தப்பு"ன்னு சொன்னா அடுத்த நாள் பதிலே வராது.

ராஜா மரம் ஏறுற வரி இருக்கே, "தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்", அதை ஒரு சொல்லும் மாத்தாம, தினமும் அதே குரல்ல சொல்லுங்க. நாலாவது நாள் அவனே சேர்ந்து சொல்லுவான். ராத்திரிக்கு ஒரு கதை, பத்து நிமிஷம் போதும். வேதாளம் மரத்துக்குப் போனதும் விளக்கை அணைச்சிடுங்க. ரெண்டாவது கதை கேட்டு அடம் பிடிச்சாலும் கூடாது. மறுநாள் வரைக்கும் ராஜா தோல்வியோட நிக்கணும்.

எல்லாக் கதையும் எட்டு வயசுக்கு ஆகாது. காஷ்மீரத்துல சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டுல எழுதின கதாசரித்சாகரம்ங்கிற சமஸ்கிருதக் கதைத் தொகுப்புல இருக்கிற வேதாளக் கதைகள்ல கொலை, கள்ளக்காதல் எல்லாம் உண்டு. செத்த சிங்கத்தோட எலும்பைச் சேர்த்து, சதை, தோல் வச்சு, உயிரும் கொடுத்த நாலு சகோதரர்கள் கதையில இருந்து ஆரம்பிங்க. சிங்கம் நாலு பேரையும் தின்னுடுது. குற்றம் யார் மேல? அந்தக் கேள்வி போதும், வீடே ரெண்டாயிடும். இன்னொண்ணு, வேதாளம் தொங்குற மரம். கதாசரித்சாகரத்துல அது சிம்சபா மரம். சீதை அசோக வனத்துல உட்கார்ந்திருந்ததும் அதே மரத்தடியில. நம்ம பழமொழியிலதான் அது முருங்கை மரம். லேசா வளைச்சாலே முறியுற மரத்துல ராஜா எப்படி ஏறினார்னு பையன் கேட்டா, கோபப்படாதீங்க, நல்ல கேள்வி.

படமும் காட்டுங்க. அம்புலிமாமாவுல சங்கர்னு கையெழுத்துப் போட்ட கே.சி. சிவசங்கரன் வரைஞ்சது. அவர் 2020-ல காலமானார், மறைவுக்குப் பிறகு 2021-ல பத்மஸ்ரீ கிடைச்சது. கையில உருவின வாள், தோள்ல பிணம். "இப்ப ராஜா என்ன நினைக்கிறார்?"னு மட்டும் கேளுங்க.

கடைசிக் கேள்வியைப் பத்திரமா எடுத்து வைங்க. ஒரு அப்பாவும் மகனும். தகப்பன் ஒரு பொண்ணைக் கட்டிக்கிறான், மகன் அந்தப் பொண்ணோட அம்மாவைக் கட்டிக்கிறான். ரெண்டு ஜோடிக்கும் பிறக்கிற பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவு? ராஜாவுக்கே தெரியலை, பேசாம நடந்துடறார். அன்னைக்கு ஒரு தாளும் பென்சிலும் அவன் கையில கொடுத்துடுங்க.