விளி இருக்க 'என்றான்' எதற்கு?

எல்லோருக்கும் வணக்கம். கதையில் ஒருவர் பேசி முடித்ததும் 'என்றான்', 'என்றாள்' என்று போடுகிறோமே, இன்றைக்கு அதைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று தோன்றும். புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே வினவுகிறார்கள், இயம்புகிறார்கள், பதிலிறுக்கிறார்கள், கர்ஜிக்கிறார்கள். சும்மா சொல்கிற ஆளையே காணோம்!

நேரே சிலப்பதிகாரத்துக்குப் போய்விடுவோம். வழக்குரை காதை, கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கிற பகுதி. மேடைகளில் பலர் முழங்கிக் கேட்ட காட்சிதான். நீதி, கற்பு எல்லாவற்றையும் இன்றைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, எழுத்து வேலையை மட்டும் பார்ப்போம். வாயிலுக்கு உள்ளே வந்து நிற்கிற பெண்ணைப் பாண்டியன் கேட்கிறான்: "யாரையோ நீ மடக்கொடியோய்". இதன் பின்னால் இளங்கோ வைப்பது ஒரே ஓர் 'என'. பரிவோடு கேட்டான், வியப்போடு கேட்டான், எதுவும் கிடையாது. அடுத்த அடியே "தேரா மன்னா செப்புவது உடையேன்" (ஆராயாத மன்னனே, சொல்ல வேண்டியது ஒன்று உண்டு) என்று வெடிக்கிறது. இப்போது பேசுவது கண்ணகி என்று யாரும் அறிவிக்கவில்லை. புறாவுக்கு உடல் அரிந்தவனையும் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் சொல்லி, ஊரைச் சொல்லி, கணவனைச் சொல்லி, கடைசியில் தன் பெயரைச் சொல்லி அவள் நிறுத்தியதும், மறுபடி ஓர் 'என'. உடனே "பெண்ணணங்கே" என்று மன்னன் தொடங்கிவிடுகிறான். அவன் முடித்த பிறகு 'ஒள்ளிழை', அதாவது ஒளிரும் நகை அணிந்தவள், என்று ஒரு சொல்லால் அவளைச் சுட்டுவதோடு சரி.

ஆனாலும் கேட்கிறவருக்கு ஓரிடத்தில்கூடக் குழப்பம் வருவதில்லை. ஏன்? ஒவ்வொரு பேச்சுக்குள்ளும் ஒரு விளி, அதாவது எதிரில் இருப்பவரை அழைக்கிற சொல், உட்கார்ந்திருக்கிறது. மடக்கொடியோய், தேரா மன்னா, பெண்ணணங்கே, கொற்கை வேந்தே. யார் யாரிடம் பேசுகிறார் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. இன்னொன்றும் செய்கிறது. 'மடக்கொடி', இளங்கொடி போன்ற பெண், என்று அழைத்தவன் ஒரே ஒரு பேச்சைக் கேட்டபின் 'அணங்கு', அச்சம் தரும் தெய்வம், என்கிறான். மன்னன் கலங்கினான் என்று தனியாக எழுத வேண்டிய தேவை போய்விட்டது. அவளும் அவனை மதுரையின் வேந்தே என்று அழைக்கவில்லை. கொற்கை, முத்துக்குப் பேர்போன துறை. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு, என் சிலம்பின் பரல், உள்ளே இருந்து ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள். எம் சிலம்பில் இருப்பது முத்து என்று அவன் வாயாலேயே வருகிறது. இந்த இடத்தில் 'கர்ஜித்தாள்' என்று ஒருவர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

"சாப்பிட்டியாடா?" என்று அன்பாக வினவினாள் அம்மா.
"பசிக்கல" என்று எரிச்சலோடு பதிலளித்தான் முருகன்.

'டா' என்று கேட்கிறபோதே அன்பு வந்துவிட்டது, வினவ வேண்டியதில்லை. முருகன் சாதாரணமாக இருந்தால் "பசிக்கலம்மா" என்றுதான் சொல்லியிருப்பான். அந்த 'அம்மா' உதிர்ந்து போனதே, அதுதான் கோபம். வாசகருக்கு அது கேட்கும். அதன் மேல் 'எரிச்சலோடு' என்று ஒட்டினால், உனக்குக் காது மந்தம் என்று அவரிடம் சொல்வது போல் ஆகிவிடும். வேண்டுமானால் அடுத்த வரியில் முருகன் செருப்பைக் கழற்றாமலே திண்ணையில் உட்காரட்டும்.

அண்ணே, மச்சான், தாயி, சார், ஏங்க, ஏலே, புள்ள. இத்தனை விளிகளைக் கையில் வைத்துக்கொண்டு வினைச்சொல்லுக்கு அகராதி தேடுவானேன்? அதற்காக வரிக்கு வரி 'அண்ணே அண்ணே' என்று எழுதினால் நாடக வசனம் ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

'என்றான்' பற்றி ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். நம் மொழியில் இந்தச் சொல்லுக்குள்ளேயே மரியாதையும் மரியாதைக் குறைவும் இருக்கிறது. 'என்றான்' என்பதா, 'என்றார்' என்பதா என்று முடிவு செய்வது பாத்திரமல்ல, கதைசொல்லி. ஒரே வயதில் இரண்டு பேர். நிலத்துக்காரர் 'என்றார்', அவர் வயலில் வேலை செய்கிறவர் 'என்றான்'. எழுதியவர் முற்போக்கானவராக இருக்கலாம், கதையே கூலி உயர்வு பற்றியதாக இருக்கலாம். ஆனால் விகுதி காட்டிக் கொடுத்துவிடும். பண்ணையாரின் வாயில் 'அவன்' வருவது வேறு. அது அவர் குணம். கதைசொல்லியின் வாயில் வந்தால் அது நம் குணம். எழுதி முடித்தபின் 'என்றார்' எல்லாவற்றையும் ஒரு முறை அடிக்கோடிட்டுப் பாருங்கள். யாருக்குக் கொடுத்திருக்கிறோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்று தெரியும்.

நீளமான பேச்சுக்கு ஒரு வார்த்தை. தமிழில் 'என்றாள்' கடைசியில்தான் வந்து நிற்கும். பத்து வரி பேசவிட்டு, பிறகு "என்றாள் கோமதி" என்றால், அதுவரை வாசகர் அது கோமதியின் கணவன் என்று நினைத்துக்கொண்டு படித்திருப்பார். முதல் வாக்கியத்திலேயே வெட்டுங்கள். "வேண்டாம்" என்றாள் கோமதி. மீதி ஒன்பது வரியை அப்புறம் பேசட்டும்.

மூன்று பேர் பேசினால் என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அங்கே விளி மட்டும் போதாது. இரண்டு ஆண், ஒரு பெண் என்றால் பெண்ணுக்கு வெறும் 'என்றாள்' போதும், பெயர் வேண்டாம். ஆண்களுக்குத்தான் பெயர் போட வேண்டும். தலைமையாசிரியை, தாசில்தார், பெரியவர் என்று மூவரும் மரியாதைக்குரியவர்களாக அமைந்துவிட்டால் மூன்று பேரும் 'என்றார்' ஆகிவிடுவார்கள். ஆண் பெண் வேறுபாடும் போய்விடும். அப்போது கூச்சப்படாமல் ஒவ்வொரு முறையும் பெயரைப் போடுங்கள். 'என்றார் தாசில்தார்' நாலு தடவை வந்தாலும் வாசகர் கண்ணில் உறுத்தாது. அதைத் தவிர்க்கப் போய் 'அரசு அலுவலர் மொழிந்தார்' என்று எழுதினீர்களானால், நாலாவதாக ஒருவர் அறைக்குள் வந்துவிட்டார் என்றுதான் அவர் நினைப்பார்.