கைக்கு எட்டாத வேகம்

நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஒரே ஒரு இசைத்தட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1986-இல் மேற்கு ஜெர்மனியில் வெளிவந்தது. குழுவின் பெயர் கிரியேட்டர், தட்டின் பெயர் 'பிளெஷர் டு கில்'. மொத்தம் ஒன்பது உருப்படிகள், 40 நிமிடம்கூட முழுசாக ஓடாது. வேகமும் ஆவேசமும் கொண்ட த்ராஷ் மெட்டல் என்ற ராக் இசை வகையின் ரசிகர்கள் இதைத் தங்களுடையது என்பார்கள், அதைவிட முரட்டுத்தனமான டெத் மெட்டல் வகையின் ரசிகர்களும் அதையே சொல்வார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

முதல்முறை கேட்கிறவர்கள் 'ஒரே இரைச்சலாக இருக்கிறதே' என்று சொல்லக்கூடும். சரி, இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்குள் மூன்று பையன்கள் தங்கள் கைக்கு எட்டாத ஒரு வேகத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அன்றே அதை எட்டிப் பிடித்திருந்தால் இந்தத் தட்டை இத்தனை வருஷம் கழித்து யாரும் தேடிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன்.

யார் இந்தப் பையன்கள்? மில்லே பெட்ரோட்சா கிட்டார் வாசித்துப் பாடுகிறவர். பாடல் பதிவானபோது வயது 18. அப்பா இத்தாலிக்காரர். 1955-இல் மேற்கு ஜெர்மனி இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைக்கத் தொடங்கியது, அதன் பிறகு ரூர் வட்டாரத்தின் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் இத்தாலியக் குடும்பங்கள் நிறையவே குடியேறின. டிரம்ஸ் யூர்கன் ரைல், ரசிகர்களுக்கு அவர் வென்டோர். பேஸ் கிட்டார் ராப் ஃபியோரெட்டி. மூவரும் அதே ரூர் வட்டாரத்து எஸ்ஸன் நகரத்தின் வடக்கே இருக்கும் ஆல்டன்எஸ்ஸன் பகுதியில் வளர்ந்தவர்கள். குழுவுக்கு ஆரம்ப காலத்தில் டைரண்ட் என்று ஒரு பெயர் இருந்தது, அப்புறம் டார்மென்டர், கடைசியில் கிரியேட்டர்.

எஸ்ஸன் என்றதும் நிலக்கரியும் க்ருப் உருக்காலையும் நினைவுக்கு வரும். அதனால் இந்த இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'ஆலைச் சத்தம்தான் கிட்டார் சத்தமாக மாறியது' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1986-இல் அந்த ஊரில் ஆலைச் சத்தம் ஓய்ந்துகொண்டிருந்தது. எஸ்ஸனில் மிச்சமிருந்த கடைசிச் சுரங்கமான ட்சோல்ஃபெரைன் அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று மூடப்பட்டது. 1950-களின் கடைசியிலேயே நிலக்கரிக்குச் சரிவு தொடங்கிவிட்டது. அப்பாக்கள் செய்த வேலை பிள்ளைகளுக்கு நிச்சயமில்லை என்று ஆகியிருந்த காலம்.

அந்த ஊர் இவர்களுக்குக் கொடுத்தது இடம். ஆல்டன்எஸ்ஸனில் ட்செஹே கார்ல் என்று ஒரு பழைய சுரங்க வளாகம் உண்டு. கோட்டை மாதிரி தடித்த செங்கல் கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது. கரி எடுப்பது நின்று பல காலம் ஆனபின் அந்தக் கட்டடங்களை இடிக்க விடாமல் காப்பாற்றிப் பண்பாட்டு மையமாக மாற்றினார்கள். கிரியேட்டர் ஒத்திகை பார்த்தது அங்கேதான். காசில்லாத பையன்கள் ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிவைத்து மணிக்கணக்கில் வாசிக்க ஓர் இடம் கிடைத்தது. ஆலைச் சத்தத்தைவிட இந்த உதவி பெரியது என்று நினைக்கிறேன்.

பக்கத்து ஊரான கெல்சன்கிர்ஷனிலிருந்து சோடம் என்ற த்ராஷ் குழு வந்தது. அதன் பாடகர் டாம் ஏஞ்சல்ரிப்பர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தென்மேற்கு மூலையில், சுவிஸ் எல்லையோரம் இருக்கும் வைல் ஆம் ரைன் ஊரிலிருந்து டிஸ்ட்ரக்ஷன் என்ற குழு. மூன்று குழுக்களுமே 1986-இல் ஆளுக்கொரு ஆல்பம் கொண்டுவந்தன. அவற்றில் மற்ற இரண்டையும் நான் மதிக்கிறேன், இதை நேசிக்கிறேன்.

இனி பதிவுக்கு வருவோம். தட்டை வெளியிட்ட நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் மேற்கு பெர்லின் நிறுவனம், கார்ல் உல்ரிஷ் வால்டர்பாக் நடத்தியது. பதிவு நடந்ததும் மேற்கு பெர்லினில்தான், மியூசிக்லேப் ஸ்டூடியோவில். பெர்லின் சுவர் நின்றுகொண்டிருந்த காலம், எஸ்ஸனிலிருந்து சாலை வழியாகப் போனால் கிழக்கு ஜெர்மனியைக் கடந்துதான் அந்த நகரத்துக்குள் நுழைய முடியும். தயாரிப்பாளர் ஹாரிஸ் ஜான்ஸ். இந்த ஆல்பத்தில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் பையன்களின் கரடுமுரடை இழைத்து வழவழப்பாக்காமல் விட்டது. கிட்டாருக்குக் கனம் கொடுத்தார், டிரம்ஸை முன்னால் கொண்டுவந்தார், தடுமாற்றத்தை அப்படியே வைத்தார்.

இன்னொரு தகவல். தட்டின் உறையில் இரண்டாவது கிட்டார் கலைஞராக மிஷாயெல் வுல்ஃப் பெயர் இருக்கும். பதிவில் அவர் வாசிக்கவில்லை, கேட்கிற கிட்டார் எல்லாம் மில்லே ஒருவருடையது. ஒரே கை திரும்பத் திரும்ப அதே பாகத்தைப் பதிவு செய்யும்போது மணிக்கட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊசியை வைத்ததும் வருவது 'கொயர் ஆஃப் தி டேம்ட்' என்ற சின்ன வாத்திய முன்னுரை. நிதானமானது, துக்கமானது, அழகானது என்றே சொல்வேன். அது முடிந்ததும் 'ரிப்பிங் கார்ப்ஸ்'. அங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிட்டாரின் தடித்த கம்பியில் வலது கை மேலும் கீழுமாக இடைவிடாமல் அடிக்கிறது, இடது கை அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்கிறது. ராகம் பிடிபடாது, மேஜர், மைனர் என்ற மேற்கத்திய சுர வரிசைகளில் எதிலும் மனம் உட்கார முடியாது. கீழே வென்டோரின் ஸ்நேர் டிரம் நூலிழை முந்திக்கொண்டு போகிறது. கிட்டார் பின்னால் ஓடிப்போய் அதைப் பிடிக்கிறது, பிடித்த நொடியில் டிரம்ஸ் மறுபடி முந்துகிறது. காட்டாற்று வெள்ளத்தில் ஓடம் போகிற மாதிரி, கவிழ்ந்துவிடும் கவிழ்ந்துவிடும் என்று பதறுகிறோம், கவிழ்வதில்லை. அந்தப் பதற்றம் இந்தத் தட்டு முழுக்க இருக்கிறது.

அதே ஆண்டு அமெரிக்காவில் ஸ்லேயர் என்ற த்ராஷ் குழு 'ரெயின் இன் பிளட்' வெளியிட்டது. அதுவும் அசுர வேகம்தான், ஆனால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும், கத்தி தீட்டிவைத்த சுத்தம். அது மகத்தான ஆல்பம் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தச் சுத்தம் கேட்கிறவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து வியக்கச் சொல்கிறது. கிரியேட்டர் நம்மையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுகிறது.

டெத் மெட்டலுக்கு வருகிறேன். 1985-இல் கலிஃபோர்னியாவின் பொசெஸ்ட் குழு ஓர் ஆல்பம் கொண்டுவந்தது. ஃபுளோரிடாவின் டெத் குழுவுக்கு முதல் ஆல்பம் 1987-இல். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது நம் தட்டு. பிணம், கொள்ளைநோய், கில்லட்டின் என்ற பாடுபொருள், அரைச்சுர நகர்வு, மூச்சுவிடாத டிரம்ஸ், பேச்சிலிருந்து விலகிப்போன குரல் என்று டெத் மெட்டலுக்கு வேண்டிய பலவும் இங்கே இருக்கின்றன. நியூ ஜெர்சியில் ஒரு டெத் மெட்டல் குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயரே ரிப்பிங் கார்ப்ஸ்.

குரலிலும் ஒரு நயம் உண்டு. மில்லேயின் குரல் உச்சத்தில் கீறும். வென்டோர் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே சில பாடல்களைப் பாடுகிறார், அவர் குரல் தடித்தது. 'ரயட் ஆஃப் வயலன்ஸ்' அவருடையது. வேகத்தைக் குறைத்துத் தாளத்தை ஊன்றிப் போடுகிற பாட்டு அது. இந்த வகை இசை பழகாதவர்களுக்கு அங்கேயிருந்து தொடங்கச் சொல்வேன்.

பாடல் வரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொலைகாரனின் வாயிலிருந்து வரும் வரிகள், திகில் படம் பார்த்த பதின்வயதுக் கற்பனை. அவை இந்தத் தட்டின் பலவீனம்தான், நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மில்லே அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டே 'டாக்ஸிக் டிரேஸ்' பாட்டில் சுற்றுச்சூழல் நாசத்தை எழுதினார், 1990-இல் 'பீப்பிள் ஆஃப் தி லை' பாட்டில் நாஜிக் கும்பலுக்கு எதிராக எழுதினார்.

தலைப்புப் பாட்டை கிரியேட்டர் இன்றும் மேடையில் வாசிக்கிறது. நிகழ்ச்சிப் பதிவுகள் கிடைக்கின்றன, பாருங்கள். தேர்ந்த கைகள், பிசிறே இல்லை, வேகம் அவர்களுக்குள் அடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் துள்ளுகிறார்கள், எனக்கும் பிடிக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும்போது நான் போடுவது 1986-ஐத்தான்.

ஏழு நிமிடத்தை நெருங்கும் 'தி பெஸ்டிலென்ஸ்' இந்தத் தட்டிலேயே நீளமான பாட்டு. கொள்ளைநோய் பற்றியது. வேகம், திடீரென்று நிதானம், மறுபடி வேகம் என்று மூன்று பேர் தங்களால் முடியுமா என்று யோசிக்காமல் கட்டிய பெரிய கட்டடம். இப்போது அதைப் போடப்போகிறேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலில் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், மற்றவை தானாக விளங்கும்.